5 அடி உயரமுள்ளவருக்கு 30 அங்குல மேசை: வீட்டில் கணக்கு எழுதும் இடத்தை எப்படி அமைப்பது?

கேள்வி: கணக்கெழுதுபவர்

அனைவருக்கும் வணக்கம். சிறு வணிகர்கள் சிலருக்கு வீட்டிலிருந்தபடியே கணக்கு எழுதி, ஜிஎஸ்டி படிவங்களையும் தாக்கல் செய்து வருகிறேன். வேலையின் தன்மை தெரிந்தால்தான் சிக்கல் விளங்கும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். இடப்பக்கம் கொள்முதல் பில்கள் கட்டுக் கட்டாக இருக்கும். ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து டேலி என்ற கணக்கு மென்பொருளில் பதிய வேண்டும். வலக்கை பெரும்பாலும் எண் விசைகளின் மீதும், மீதி நேரம் மவுஸின் மீதும் இருக்கும். படிவம் தாக்கலுக்குக் கெடுவான மாதத்தின் 11-ஆம் தேதியும் 20-ஆம் தேதியும் நெருங்கிவிட்டால் இருக்கையை விட்டு எழுவதே அரிது.

இப்போது வேலை நடப்பது வீட்டுச் சாப்பாட்டு மேசையில். அதன் உயரம் 30 அங்குலம். அதனுடன் வந்த மர நாற்காலியின் இருக்கை 18 அங்குலம். என் உயரம் 5 அடி. 15.6 அங்குல மடிக்கணினியை மேசைமேல் அப்படியே வைத்து, தனி விசைப்பலகை இல்லாமல் வேலை செய்கிறேன். அண்மைக் காலமாக வலத் தோளுக்கும் கழுத்துக்கும் இடையே இறுக்கம் இருக்கிறது. மாலையானால் இடக்கையின் சுண்டுவிரலும் அதை ஒட்டிய மோதிர விரலின் பாதியும் மரத்துப்போகின்றன.

அறைகலன் கடையில் விசாரித்தபோது, எர்கோனாமிக் நாற்காலி, அதாவது உடலுக்கேற்ப வடிவமைத்த நாற்காலி ஒன்றை வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்றார்கள். விலையைப் பார்த்த பிறகு இங்கே கேட்டுவிடலாம் என்று தோன்றியது. வாடகை வீடு என்பதால் சுவரில் துளையிட்டுப் பலகை பொருத்த முடியாது. முதலில் மாற்ற வேண்டியது நாற்காலியையா, மேசையையா? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி 1: இயன்முறை மருத்துவர்

வணக்கம். பணம் செலவழிக்கும் முன் ஓர் அளவை எடுத்துவிடுங்கள். இரு பாதங்களும் தரையில் முழுமையாகப் படியக்கூடிய உயரமுள்ள ஓர் இருக்கையில் உட்கார்ந்து, தோள்களைத் தளர்த்தி, மேற்கையை விலாவோடு ஒட்டித் தொங்கவிட்டு, முழங்கையைச் செங்கோணமாக மடக்கிக்கொள்ளுங்கள். தரையிலிருந்து முழங்கையின் அடிப்பகுதிவரை எவ்வளவு என்று வீட்டில் ஒருவரை டேப்பால் அளக்கச் சொல்லுங்கள். 5 அடி உயரமுள்ளவர்களுக்கு அது ஏறத்தாழ 60 செ.மீ. வரும். விசைப்பலகையின் மேற்பரப்பு இருக்க வேண்டிய உயரம் இதுதான். மற்ற அளவுகள் யாவும் இதிலிருந்தே பிறக்கின்றன.

உங்கள் மேசையோ 76 செ.மீ. இருக்கிறது. 18 அங்குல நாற்காலியில் உட்காரும்போது உங்கள் முழங்கை 67 செ.மீ. அளவுக்கு உயர்ந்துவிடும் என்றாலும், அதற்கு மேலும் 9 செ.மீ. ஏற வேண்டியிருக்கிறது. அந்த 9 செ.மீ.யைத் தோள்கள்தான் தூக்கிக் கொடுக்கின்றன. கழுத்துக்கும் தோளுக்கும் இடையே நீங்கள் உணரும் இறுக்கத்துக்கு அதுவே முதற்காரணமாக இருக்கக்கூடும். இன்னொரு பக்கம், உங்கள் முழங்கால் மடிப்பின் உயரம் 38 செ.மீ. அளவில்தான் இருக்கும் என்பதால், அந்த நாற்காலியில் பாதம் தரையில் சரியாகப் பதியாது; பதிய வைப்பதற்காக நீங்கள் இருக்கையின் விளிம்புக்கு நகர்ந்து வந்திருப்பீர்கள், முதுகுச் சாய்வு பின்னால் சும்மா நிற்கும். இதே மேசையின் முன் எத்தனை விலையுயர்ந்த நாற்காலியைப் போட்டாலும், அது மட்டும் இந்தக் கணக்கை மாற்றாது. கடையில் கிடைக்கும் 29, 30 அங்குல மேசைகள் தட்டச்சுக்குப் பொருந்துவது ஆறடியை நெருங்கும் ஆளுக்குத்தான்.

ஆகவே வழிகள் இரண்டு. மேசையை மாற்ற இயலாது என்றால் இருக்கையை 53 செ.மீ.வரை உயர்த்திக்கொண்டு, காலுக்கு அடியில் 15 செ.மீ. உயரமுள்ள தாங்கு பலகை வைக்க வேண்டும். பலகை இரு பாதங்களும் நகர்ந்து விளையாடும் அளவுக்கு அகலமாக இருக்கட்டும். மேசையை மாற்ற இயலும் என்றால் 60 செ.மீ. அளவில் ஒரு தாழ்ந்த மேசை. அப்போது கால்பலகை தேவையில்லை. இரண்டாவது வழியே நல்லது என்பது என் கருத்து.

சுண்டுவிரல் மரத்துப்போவதைத் தனியாகச் சொல்ல வேண்டும். சுண்டுவிரலுக்கும் மோதிர விரலின் பாதிக்கும் உணர்வைக் கொண்டுசெல்வது அல்நார் நரம்பு. அது முழங்கையின் உட்புறத்தில் எலும்பை ஒட்டி, தோலுக்கு மிக அருகில் செல்கிறது. முழங்கையை எங்காவது இடித்துக்கொண்டால் மின்சாரம் பாய்ந்ததுபோல் இருக்குமே, அந்த இடம். பில்களைப் புரட்டும்போது இட முழங்கையை மேசையின் கூர்மையான விளிம்பில் ஊன்றிக்கொள்கிறீர்களா என்று கவனியுங்கள். பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போனால் அது மணிக்கட்டு வழியே செல்லும் வேறொரு நரம்பின் சங்கதி. எந்த விரலாக இருந்தாலும், இரவில் விழிப்பு வரும் அளவுக்கு மரத்துப்போனாலோ, கையில் பிடித்த பொருள் நழுவினாலோ, மேசையை அளந்துகொண்டிராமல் மருத்துவரை நேரில் பாருங்கள்.

முதுகை 90 பாகையில் நேராக நிமிர்த்தி உட்கார வேண்டும் என்று பலரும் சொல்வார்கள். 2006-இல் ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரில், உட்கார்ந்த நிலையிலேயே படமெடுக்கும் எம்ஆர்ஐ கருவியைக் கொண்டு நடந்த ஆய்வில், 135 பாகை பின்சாய்ந்து உட்காரும்போதே முதுகெலும்பு வட்டுகள் மிகக் குறைவாக இடம்பெயர்ந்தன. அவ்வளவு சாய்ந்துகொண்டு யாராலும் டேலியில் பதிவு போட முடியாது. ஆனால் 100 முதல் 110 பாகைவரை சாய்ந்து, இடுப்பின் வளைவுக்கு ஒரு சிறு திண்டு கொடுத்து உட்காருவது எளிது. சுருட்டிய துண்டே போதும்.

மறுமொழி 2: மரவேலைப் பட்டறை

மேலே மருத்துவர் சொன்ன 60 செ.மீ. மேசையைக் கடையில் தேடினால் கிடைக்காது. குழந்தைகளுக்கான படிப்பு மேசையைக் காட்டுவார்கள், அதில் முழங்கால் இடிக்கும். ஆசாரியிடம் சொல்லிச் செய்துகொள்வதே வழி. சாப்பாட்டு மேசையின் காலை அறுக்கும் யோசனை வேண்டாம்; உங்களுக்குச் சரியாகும், வீட்டில் மற்றவர்கள் குனிந்து சாப்பிட வேண்டிவரும்.

பிளைவுட் பலகை ஒரு முழுத்தாள் 8 அடிக்கு 4 அடி வரும். நான்கில் ஒரு பங்கு எடுத்தால் 4 அடிக்கு 2 அடி, 18 மி.மீ. தடிமன் போதும். அடியில் சதுரக் குழாயில் ஓர் இரும்புச் சட்டம் அடித்துவிட்டால் ஆடாது. வீடு மாறும்போது கழற்றியும் கொண்டுபோகலாம். நால்கால்களின் அடியிலும் திருகு புஷ் வைக்கச் சொல்லுங்கள். தரையின் மேடுபள்ளத்தைச் சரிசெய்வதோடு, உயரத்தை ஓரிரு செ.மீ. கூட்டிக் குறைக்கவும் அது உதவும்.

உட்காரும் பக்கத்தில் டிராயர் மட்டும் வைக்காதீர்கள். வாடிக்கையாளர்கள் எல்லோரும் கேட்பது டிராயர்தான். எல்லோரும் பிறகு குறைசொல்வதும் அதைத்தான். 4 அங்குல டிராயர் தொங்கினால் தொடைக்கு இடமிருக்காது, தாழ்ந்த மேசையில் சுத்தமாக இருக்காது. விசைப்பலகைக்கு என்று இழுக்கும் தட்டு பொருத்துவதிலும் இதே தொல்லை. சட்டத்தின் முன்பக்கக் குறுக்குக் குழாயைக்கூட விளிம்பிலிருந்து 6 அங்குலம் உள்ளே தள்ளி வையுங்கள். முன் விளிம்பை ரூட்டர் என்ற மரம் செதுக்கும் கருவியில் ஓட்டி அரைவட்டமாக உருட்டிவிடச் சொன்னால் முழங்கையை அழுத்தாது. மேலே ஒட்டும் சன்மைக்கா பளபளப்பில்லாத மேட் வகையாக இருக்கட்டும், இல்லையென்றால் டியூப் லைட் அதில் முகம் பார்க்கும்.

புதுமேசை வரும்வரை உடனடியாகச் செய்யக்கூடியது ஒன்றுண்டு. ஏசி பொருத்துபவர்களிடம் செப்புக் குழாய்மேல் மாட்டும் கறுப்பு ஃபோம் குழாய் கிடைக்கும். ஒரு முழ நீளம் வாங்கி, நீளவாக்கில் பிளேடால் கீறி, இப்போதைய மேசையின் விளிம்பில் மாட்டிவிடுங்கள்.

மறுமொழி 3: நின்று வேலை செய்பவர்

இவ்வளவு சிரமம் எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறது. உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் மின்மேசை ஒன்றை வாங்கி, நின்றுகொண்டே வேலை செய்யலாமே. நான் அலுவலகத்தில் முழுநாளும் நின்றபடிதான் வேலை பார்க்கிறேன். உட்கார்ந்தே இருப்பது உடலுக்குத் தீங்கு என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருக்கும்போது, உட்காருவதற்கு இத்தனை அங்குலக் கணக்குப் போடுவது எனக்கு விளங்கவில்லை.

மறுமொழி 4: ஜவுளிக்கடை மேலாளர்

முழுநாளும் நிற்பதை ஓர் ஆரோக்கிய வழியாகச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. துணிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் காலை முதல் இரவுவரை நின்றே வேலை செய்த பெண்களின் காலில் புடைத்துக்கொண்டு நிற்கும் நரம்புகளை அன்றாடம் பார்த்தவன் நான். நிற்பது நல்லதென்றால் உட்காரும் உரிமைக்காகச் சட்டம் இயற்ற வேண்டிய தேவையே வந்திருக்காது. கேரளம் 2018-இலும், அதையடுத்துத் தமிழ்நாடு 2021-இலும் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை வசதி அளிப்பதைக் கட்டாயமாக்கின. உட்கார்ந்திருப்பவர் விரும்பி எழுந்து நிற்பதும், உட்கார அனுமதியில்லாமல் நிற்பதும் ஒன்றல்ல என்று நீங்கள் சொல்லலாம். காலுக்கு அந்த வேறுபாடு தெரியாது.

நிற்பதும் உட்காருவதும் மாறி மாறி வருவதே நல்லது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் எர்கோனாமிக்ஸ் துறைப் பேராசிரியராக இருந்த ஆலன் ஹெட்ஜ் பரிந்துரைத்தது, ஒவ்வோர் அரைமணியிலும் 20 நிமிடம் உட்கார்ந்து, 8 நிமிடம் நின்று, 2 நிமிடம் நடமாடுவது என்ற கணக்கு. பில் கட்டுகளைத் தேதிவாரியாக அடுக்குவது, தொலைபேசியில் வணிகரிடம் விளக்கம் கேட்பது போன்ற வேலைகளைச் சமையலறை மேடையில் நின்றபடி செய்தால் மின்மேசை இல்லாமலே இது நடந்துவிடும். நம் வீடுகளின் சமையல் மேடை 32 முதல் 34 அங்குலம் இருப்பதால் நின்று காகிதம் பார்ப்பதற்கு அதுவே போதும்.

மறுமொழி 5: மின்பணியாளர்

எல்லோரும் அளவையே பேசுகிறார்கள், வெளிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். வீடுகளில் மேசை எங்கே போகிறது என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பிளக் பாயிண்ட்தான். அது இருக்கும் மூலையில் மேசையைத் தள்ளிவிட்டு, ஜன்னல் முதுகுப்பக்கம் வந்தாலும் முகத்துக்கு நேரே வந்தாலும் பொறுத்துக்கொள்கிறோம். ஐந்து மீட்டர் நீட்டிப்புப் பெட்டி ஒன்றைச் சுவரோரமாகக் கொண்டுபோனால் மேசையைச் சரியான இடத்தில் போடலாம். ஜன்னல் பக்கவாட்டில் வர வேண்டும். மடிக்கணினியை அணைத்துவிட்டு, வழக்கமாக உட்காரும் நிலையிலேயே கறுப்புத் திரையைப் பாருங்கள். ஜன்னலோ டியூப் லைட்டோ அதில் தெரிந்தால், வேலை செய்யும்போதும் அது அங்கேதான் இருக்கிறது; எழுத்துகள் அதை மறைத்திருக்கின்றன, அவ்வளவுதான்.

இன்னொன்று, மின்விசிறி. அறை விளக்கு விசிறியின் இறக்கைகளுக்கு மேலே அமைந்துவிட்டால், இறக்கைகள் ஒளியை வெட்டி வெட்டி விடும். மேசைமேல் உள்ள காகிதம் ஓயாமல் மினுங்கிக்கொண்டிருக்கும். பகலில் தெரியாது, இரவில் பில் படிக்கும்போது கண் எரியும். மேசையை விசிறிக்கு நேர்கீழே போடாமல் சற்று விலக்கி, இடப்பக்கத்தில் ஒரு மேசைவிளக்கு வைத்துக்கொள்ளுங்கள். கடை பில்களில் பாதி தெர்மல் காகிதம் என்பதால் அச்சு மங்கலாகவும் தாள் வழவழப்பாகவும் இருக்கும். விளக்கைத் தாளுக்கு நேர்மேலே வைக்காமல் ஓரமாகச் சாய்த்து வைத்தால் எழுத்து எடுப்பாகத் தெரியும்.

கணக்கெழுதுபவர்

அனைவருக்கும் மிக்க நன்றி. அளந்து பார்த்ததில் முழங்கை உயரம் 61 செ.மீ. வந்தது. இட முழங்கையை விளிம்பில் ஊன்றும் பழக்கம் இருப்பதும் உண்மைதான். ஃபோம் குழாய் மாட்டிய பிறகு மரத்துப்போவது வெகுவாகக் குறைந்திருக்கிறது. 4 அடிக்கு 2 அடி மேசைக்குச் சொல்லியிருக்கிறேன்.

இப்போது இரண்டு ஐயங்கள். மடிக்கணினியை உயர்த்தி வைத்து, தனி விசைப்பலகை வாங்க வேண்டும் என்பது புரிகிறது. எண் விசைகள் இல்லாத சிறிய விசைப்பலகையே தோளுக்கு நல்லது என்று பல இடங்களில் படித்தேன். எண் விசைகள் இல்லாமல் என் வேலை நடக்காது. அடுத்தது, எனக்கு வெள்ளெழுத்துக் கண்ணாடி உண்டு. மேலே தூரத்துக்கும் கீழே படிப்பதற்கும் உள்ள பைஃபோக்கல். திரையை உயர்த்தினால் கீழ்க்கண்ணாடி வழியாகப் பார்க்க முகவாயைத் தூக்க வேண்டியிருக்கிறது. எங்கள் மாமனார் மண்டியில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். தரையில் சம்மணமிட்டு, சாய்வான மேசைப்பெட்டியின் மேல் பேரேட்டை விரித்து எழுதியே காலத்தைக் கழித்தார். அவருக்குக் கழுத்துவலி வந்ததில்லை என்று மாமியார் அடிக்கடி நினைவூட்டுகிறார்.

மறுமொழி 6: இயன்முறை மருத்துவர்

உங்கள் மாமனாரின் மேசைப்பெட்டியில் ஒரு நல்ல விஷயம் இருந்தது; அது அந்தச் சாய்வு. தாள் மட்டமாகக் கிடந்தால் கழுத்து குனிய வேண்டும், சாய்ந்து எழுந்து நின்றால் குனிவு குறையும். இப்போது உங்கள் பில்கள் இடப்பக்கம் மட்டமாகக் கிடக்கின்றன. ஒவ்வொரு பதிவுக்கும் கழுத்து இடப்பக்கம் திரும்பிக் கீழே போய் மறுபடி மேலே வருகிறது. மாணவர்கள் தேர்வுக்குக் கொண்டுபோகும் கிளிப் வைத்த பரீட்சை அட்டை ஒன்றை, விசைப்பலகைக்கும் திரைக்கும் நடுவே சாய்த்து நிறுத்தி, பில் கட்டை அதில் மாட்டிவிடுங்கள். கண் மேலும் கீழும் மட்டும் நகரும். 2 அடி ஆழ மேசையில் இதற்கு இடம் நெருக்கடியாக இருக்கும். பலகையை இன்னும் அறுக்கவில்லை என்றால் ஆழத்தை இரண்டரை அடியாக்கிவிடுங்கள். பட்டறைக்காரருக்குப் பலகை வீணாவதில் வருத்தம் இருக்கலாம், காகிதம் வைத்து வேலை செய்பவருக்கு அந்த அரையடி தேவை.

எண் விசைகளைப் பொறுத்தவரை, சிறிய விசைப்பலகையைப் பரிந்துரைப்பதற்குக் காரணம், எண் விசைகளைத் தாண்டி மவுஸ் வெகுதூரம் தள்ளிப்போய், அதை எட்டுவதற்காக வலக்கை ஓயாமல் அகல விரிந்திருப்பதுதான். உங்கள் வேலைக்கு அதைவிடப் பொருத்தமானது, எண் விசைகள் இல்லாத விசைப்பலகையோடு யூஎஸ்பியில் இணைக்கும் தனி நம்பர் பேடு ஒன்றை வாங்குவது. பதிவு போடும்போது பேடை வலத் தோளுக்கு நேராகக் கொண்டுவாருங்கள். மவுஸ் வேலை வரும்போது பேடை ஒதுக்கிவிட்டு அதே இடத்தில் மவுஸை வையுங்கள். டேலியில் பெரும்பாலான வேலை விசைகளிலேயே நடந்துவிடும் என்பதால் இந்த மாற்றம் அடிக்கடி நேராது. விசைப்பலகையின் பின்பக்கக் குட்டைக் கால்களை மடக்கியே வையுங்கள். அவற்றை நிமிர்த்தினால் மணிக்கட்டு மேல்நோக்கி வளையும்.

திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்தில் இருக்க வேண்டும் என்ற பொதுவிதி பைஃபோக்கல் அணிபவர்களுக்குப் பொருந்தாது. உங்கள் விஷயத்தில் மடிக்கணினியை 15, 20 செ.மீ. உயர்த்தாமல், 5 முதல் 8 செ.மீ. உயர்த்தி, திரையைப் பின்பக்கம் கூடுதலாகச் சாய்த்துக்கொள்ளுங்கள். முகவாய் தூக்காமல் எழுத்து தெளிவாகத் தெரியும் உயரமே உங்களுக்கான உயரம். அடியில் வைக்கும் பொருள் காற்றுத்துளைகளை அடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதுவும் தற்காலிக ஏற்பாடுதான். பைஃபோக்கலின் கீழ்ப்பகுதி ஏறத்தாழ 40 செ.மீ. தூரத்தில் படிப்பதற்காகக் கணக்கிடப்பட்டது. திரையோ 60 செ.மீ.க்கு அருகில் இருக்கும், பரீட்சை அட்டை அதற்கும் இதற்கும் நடுவில் நிற்கும். கணினி வேலைக்கென்று தனியாக ஒரு கண்ணாடி எழுதித் தரச் சொல்லலாம். புதுமேசை வந்ததும் எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் வைத்து, கண்ணிலிருந்து திரைக்கும், கண்ணிலிருந்து அட்டைக்கும் உள்ள தூரத்தை அளந்து ஒரு தாளில் குறித்துக்கொண்டு கண் பரிசோதனைக்குப் போங்கள். அளவு கையில் இல்லாமல் போனால் பொதுவான படிப்புக் கண்ணாடியையே எழுதிக் கொடுத்துவிடுவார்கள்.